எவ்வளவுக்குக் கீழே?

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதுகுவலியும் என்னோடு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது. நீ, மாப்பிள்ளை, வாலு மூவரும் சுகம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினால் "சரிக்கா, துணி வாங்க ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் தையல் மேஜையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

புதுப் பள்ளிக்கூட மைதானத்தை அளக்க வந்தவள் நம் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நீ சாப்பாடு எடுத்து வைக்கும்வரை கதிர்வீச்சு எண்ணும் பெட்டியைப் பின்முற்றத்தில் நிறுத்தி எண்ண விட்டேனே, வாலு கூட, "பெரியம்மா, இது என்னத்த எண்ணுது? எனக்குத் தெரியாம எதுவும் எண்ணக் கூடாது" என்று மிரட்டினாளே, அந்த வேலைக்குப் பெயர் பின்னணி எடுப்பது. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. முதலில் சுத்தமான ஓர் இடத்தில் அதை எண்ண வேண்டும். பிறகு சந்தேகப்பட்ட இடத்தில் எண்ணி, முதல் எண்ணைக் கழிக்க வேண்டும். கதிர்வீச்சுத் தாது பிரித்து இப்போது மூடிக் கிடக்கும் மணல் ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, நாம் பிறந்து வளர்ந்த வீடு. அதைவிடச் சுத்தமான இடத்துக்கு நான் எங்கே போவேன்?

நம் முற்றத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபது. மைதானத்தில் நூற்றிருபத்தைந்து. ஐந்து என்பது பெட்டியின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும். "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் முத்திரை என்று கூப்பிடும் மேலதிகாரி, மை காயும் முன்பே முத்திரையைக் குத்திவிட்டார். ஜூனில் வாலு தாராளமாக ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடி போட்டுக்கொண்டு தை.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? பெட்டியைத் தூக்கிச் சுமப்பதை நிறுத்தினால் பாதி வலி போய்விடும் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை.

தெருவே உன் புகழ் பாடுகிறது. மைதானத்து வாசலில் கவுன்சிலர் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்: "இங்கு கதிர்வீச்சு இல்லை. அரசு அளவீட்டில் உறுதி." எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்து, "உங்க அக்கா சொல்லிட்டாங்கல்ல, இனிமே எனக்கு நிம்மதி" என்றாள். எனக்கும் நிம்மதிதான். பள்ளிச் சீருடை முழுவதும் என்னிடம்தான் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் நடக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் நீலத் துணி.

உன் பெட்டியின் மூன்று கால் வைத்த இடத்தில் இன்னும் மூன்று குழி அப்படியே இருக்கிறது. அவ்வளவு நைசான மண். வாலு அதைச் சுற்றிக் கோடு போட்டு, "பெரியம்மா இடம், யாரும் மிதிக்கக் கூடாது" என்று காவல் காக்கிறாள்.

இவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை

மார்ச் 5

அன்புத் தங்கைக்கு,

முதுகு பரவாயில்லை. உன் கடிதம் வந்த பிறகு தலைதான் வலிக்கிறது. எல்லாரும் சௌக்கியம்தானே?

அந்தப் பலகையை யார் எழுதச் சொன்னது? "இல்லை" என்று நான் எங்கேயாவது எழுதினேனா? நீ மெஷினை ஓட்டும்போது பக்கத்து அறையிலிருந்து வாலு மெதுவாகக் கூப்பிட்டால் உனக்குக் கேட்குமா? கேட்காது. அதற்காக அவள் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடுமா? பின்னணி என்பது உன் மெஷின் சத்தம் மாதிரி. அதைத் தாண்டிக் கேட்டால்தான் "இருக்கிறது" என்று சொல்ல முடியும். எவ்வளவு கூடினால் கேட்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு, அதைத்தான் கண்டறியும் எல்லை என்கிறோம். அன்று எனக்கு அது பதினாறு. பதினாறுக்குக் கீழே எது இருந்தாலும் என் பெட்டி செவிடு. அதை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

சத்தம் கூடினால் செவிட்டுத்தனமும் கூடும். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மற்ற ஊர்களில் பின்னணி ஐம்பது, அறுபதுதான் வரும். நம் முற்றத்தில் நூற்றிருபது. பாறை உள்ள ஊர், கூடத்தான் இருக்கும் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உன் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

நைசான மண் என்று எழுதியிருக்கிறாய். நம் முற்றம் சரளைக் கல்லாயிற்றே! அன்று பசியில் நான் காலடியைப் பார்க்கவே இல்லை. விழுந்து விழுந்து முழங்காலில் தோல் இருந்ததில்லை நமக்கு. அந்த மண் எப்போது, எங்கிருந்து வந்தது? மறக்காமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சீருடை வேலை கழுத்தை நெரிக்கிறது. நூற்றுப்பத்துச் சட்டையில் எழுபது வெட்டியாயிற்று. மெஷினின் பெல்ட் இரண்டு முறை அறுந்தது. வாலுவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், பெரியம்மா வந்தால் பெட்டியில் வைத்து அளக்க வேண்டுமாம். எதிர்வீட்டு அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பையனுக்குக் கொஞ்சம் வழுக்கை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. இவருக்கு வேலை அதிகம், லாரியை விட்டு இறங்கவே நேரமில்லை.

வெயிலில் அலையாதே. நிறையத் தண்ணீர் குடி.

உன் தங்கை

மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு ஞாபகமில்லை.

ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம் கேட்கிறேன், நலமாக இரு.

உனக்கு ஞாபகமில்லையா? மூன்றாம் வகுப்பில் நான் உன் சிவப்பு ரிப்பனை எடுத்துக் கட்டிக்கொண்டு போனதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிற ஆள் நீ. எதிர்வீட்டு வரனின் வழுக்கை வரைக்கும் எழுதத் தெரிகிறது, சொந்த முற்றத்து மண் மட்டும் ஞாபகமில்லை. யார் காதில் பூ சுற்றுகிறாய்?

சரி, நான் மறைத்ததை முதலில் சொல்கிறேன். படிவத்தில் பின்னணி எடுத்த இடம் என்ற கட்டத்தில் "குடியிருப்பு முற்றம்" என்று மட்டும் எழுதினேன். யாருடைய குடியிருப்பு என்று எழுதவில்லை. தங்கை வீட்டில் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தது என்று தெரிந்தால் சிரிப்பார்கள் என்ற வெட்கம். இருபத்தொரு வருட வேலையில் இப்படி ஒரு சோம்பேறித்தனம் நான் செய்ததில்லை. வேறு இடமாக இருந்திருந்தால் நூற்றிருபதைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருப்பேன். நம் வீடு என்பதால் சந்தேகமே வரவில்லை.

மறு அளவீடு வேண்டும் என்று முத்திரையிடம் கேட்டேன். "போட்ட கையெழுத்த யாராவது திருப்பி வாங்குவாங்களாம்மா? பேசாம அடுத்த ஃபைலப் பாருங்க" என்றார். பள்ளி திறக்க இரண்டு மாதம்கூட இல்லை. எனக்கு உன் பதில் வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 28

தங்கைக்கு,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. வாலுவுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? அதையாவது ஒரு வரி எழுது.

சென்ற வாரம் வேறு வேலையாக உங்கள் ஊருக்குப் பின்னால் மலைப்பாதைக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குத் தாங்காது. ஆலை லாரி எதுவும் ஏறாத இடத்தில், அதே பாறை, அதே ஊர் மண், பெட்டியை வைத்தேன். பத்து நிமிடம் போதாது என்று ஒரு மணி நேரம் எண்ணினேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஐம்பத்தெட்டு.

இப்போது நீயே கழித்துப் பார். மைதானத்தில் மிச்சம் ஐந்து இல்லை, அறுபத்தேழு. முப்பதுக்கு மேல் மிஞ்சினாலே மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை இடத்தைப் பூட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. நம் முற்றத்தில் மிச்சம் அறுபத்திரண்டு. இரண்டு இடமும் ஒரே மண் என்று பெட்டி சொல்கிறது. வாயுள்ள நீதான் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் வரும் திங்கட்கிழமை நான் திருத்தம் கொடுக்கப் போகிறேன். அதில் என் தவற்றைத்தான் முதல் வரியாக எழுதுவேன். உன் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா

மே 4

அக்கா,

வாலுவுக்குக் காய்ச்சல் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான்தான் படுத்துக் கிடந்தேன்.

அந்த மண் ஆலை மண். இவர் கொண்டுவந்தது. வாலு பிறந்த வருடம், ஆலை மூடுவதற்கு முன்னால், கழிவு மணலை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மழை வந்தால் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை, குழந்தை தவழ வேண்டுமே என்று நான்தான் நச்சரித்தேன். இரண்டு லாரி கொட்டினார். பட்டு மாதிரி இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதே வாரம் இவர் முதலாளி சொல்லி, ஊர்ப் பள்ளத்தையும் அந்த மணலால்தான் நிரப்பினார்கள். அந்தப் பள்ளம்தான் இன்றைக்குப் பள்ளிக்கூட மைதானம்.

நீ பெட்டியோடு முற்றத்தில் இறங்கியபோதே மாட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது. நீ எதுவும் சொல்லவில்லை, சாப்பிட்டாய், சிரித்தாய், போனாய். தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு நீ கேட்டபோது சொல்ல முடியவில்லை. சொன்னால் இவர் லாரியை விட்டு இறங்க வேண்டியதுதான். நம் வீட்டு ஆளாலேயே பள்ளிக்கூடம் நின்றது என்று தெரு காறித் துப்பும். "நான் சொல்லி நீங்க கொட்டினது, இப்ப நான் எப்படிங்க உங்களைக் காட்டிக் குடுப்பேன்?" என்று இவரிடம் அழுதேன்.

உனக்கென்ன, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெரிய ஆள் மாதிரி எண் சொல்லிவிட்டு வந்துவிடுவாய். ஆறு வருடம் அந்த மண்ணில் தவழ்ந்து, உருண்டு, அதை வாயில் போட்டு வளர்ந்தவள் என் மகள். அவளுக்கு என்ன ஆகும்? பூசி மெழுகாமல் சொல்.

உன் தங்கை

மே 9

என் கண்ணே,

கடிதம் கிடைத்தது. நீ எழுதிவிட்டாய், அது போதும் எனக்கு.

பூசி மெழுகவில்லை. முற்றத்தில் சாதாரணமாக இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. இயற்கையாகவே அந்த அளவு உள்ள இடங்களில் மக்கள் வாழ்கிறார்கள். இன்றைக்கோ நாளைக்கோ அவளுக்கு எதுவும் ஆகிவிடாது. பெட்டிக்குத் தெரிவது மண்ணிலிருந்து வெளியே வருவது மட்டும்தான். தூசியாக உள்ளே எவ்வளவு போனது என்று அது சொல்லாது, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். "ஒன்றுமில்லை" என்று உன்னைத் தூங்க வைக்க மாட்டேன். "போச்சு" என்று உன்னை அலற வைக்கவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குக் கீழே எனக்குத் தெரியாது.

அவளை முற்றத்தில் விளையாட விடாதே. உலர்ந்த துடைப்பம் போடாதே, தண்ணீர் தெளித்துக் கூட்டு. சாப்பிடும் முன் கையை நகத்தோடு தேய்த்துக் கழுவச் சொல். செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும்.

திங்கட்கிழமை திருத்தத்தைக் கொடுத்தேன். முத்திரை படித்துவிட்டு, "இத நான் வாங்கவே இல்ல" என்று மேஜையின் மறுபக்கம் தள்ளினார். நான் திரும்ப இந்தப் பக்கம் தள்ளினேன். "திறப்பு விழாவுக்கு ஆளெல்லாம் சொல்லியாச்சும்மா. அதே அறிக்கைய புதுத் தேதி போட்டு இன்னொரு தடவ குடுங்க, முடிஞ்சுது" என்றார். "தேதிய மாத்தினா மண்ணு மாறுமா சார்? மாட்டேன்" என்றேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் சொன்னேன். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் காகிதக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம், காகிதமும் உறையும் உள்ள அறையிலேயே என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்ததுதான். திருத்தத்தின் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கொட்டியவரே எழுதிக் கொடுத்தால் யாரும் தட்ட முடியாது. மாப்பிள்ளையைக் கேள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ கிடங்கில் தூசியில் உட்கார்ந்து இருமாதே, மூக்கில் துணி கட்டிக்கொள்.

உன் கடிதத்தை இவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வந்து, "ஒரு பேப்பர் குடு" என்றார். மணல் கொட்டிய இடம் ஒவ்வொன்றையும் எழுதினார். பதினேழு இடம், அக்கா! நம் முற்றத்தைத்தான் முதலாவதாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, "முதலாளி வேலைய விட்டு நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். எம் பொண்ணு விளையாண்ட மண்ணு" என்றார். மறுநாளே நிறுத்திவிட்டார்கள். இப்போது எனக்குக் காஜா எடுத்துத் தருகிறார், ஒவ்வொன்றும் கோணல்.

அடுத்த வேலை என்னுடையது. எதிர்வீட்டு அக்காவிடம் முதலில் சொன்னேன். துப்புவாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுப் பின்புறம் பட்டியலில் ஒன்பதாவது. "வா, மத்தவங்ககிட்டயும் சொல்லுவோம்" என்று செருப்பை மாட்டினாள். பட்டியலில் ஏழாவது வீட்டுக்காரி மட்டும் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் மூன்று மாதம் சாத்தித்தானே வைத்திருந்தேன்.

சீருடை கேட்டுக் கவுன்சிலர் வந்தார். நூற்றுப்பத்துச் சட்டையும் மடித்து வைத்திருந்தேன். ஒன்றிலும் பட்டன் இல்லை. "என்னம்மா இது, பட்டன் எங்க?" என்றார். "என்கிட்ட இருக்கு. மண்ண மறுபடி அளந்துட்டு வாங்க, வெச்சுத் தரேன்" என்றேன். "அதான் இல்லன்னு பலகையே வெச்சிருக்கோமே" என்றார். "எவ்வளவுக்குக் கீழ இல்ல?" என்று கேட்டேன். சத்தியமாக அக்கா, அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் இருபது பேர் பெயிண்ட் டப்பாவோடு மைதானத்துக்குப் போனோம். பலகையை அழிக்கவில்லை. அதன் கீழே, அவர் எழுத்தைவிடப் பெரிதாக எழுதினோம்: "எவ்வளவுக்குக் கீழே?" ஊரே இப்போது அதைத்தான் கேட்கிறது. காவலாளி இரண்டு முறை அழித்தார், மூன்று முறை எழுதிவிட்டோம்.

இவர் எழுதிய பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். தைரியமாக இரு.

உன் தங்கை

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலமா? காஜா எடுப்பவர் கை தேறிவிட்டதா?

மாப்பிள்ளையின் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. நான்கு பேரும் பெரிய பெட்டியும் வந்தார்கள். கிடங்கிலிருந்து என்னை அழைத்து, "பின்னணி எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார்கள். மலைப்பாதைக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி நேரம். மைதானத்தில் பின்னணி போக மிச்சம் அறுபத்தாறு. பள்ளத்தின் நடுவில் இன்னும் அதிகம். கதவைப் பூட்டிவிட்டார்கள். மணலை முழுவதும் அள்ளும்வரை பழைய கட்டடத்திலேயே வகுப்பு. நீ நேரில் பார்த்திருப்பாய், ஆனாலும் என் கையால் எழுத ஆசையாக இருந்தது.

எனக்கு மெமோ வந்திருக்கிறது: பின்னணி தவறான இடத்தில் எடுத்ததற்கு. நியாயமான மெமோ. "ஒப்புக்கொள்கிறேன். என் வீடு என்பதால் நம்பினேன்" என்று பதில் எழுதினேன். அதன் கீழே, கண்டறியும் எல்லைக்கு எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் போடும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்திட மாட்டேன் என்றும் எழுதினேன். கிடங்கில்தான் இன்னும் இருக்கிறேன். இருக்கட்டும், உறை தீரவில்லை.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முதுகுக்கு ஒரு தலையணை தைத்து அனுப்புகிறேன்.

முற்றத்து மணலை அள்ளிவிட்டார்கள். அடியில் நம் சரளை அப்படியே இருந்தது. வாலு முதல் நாளே விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். மறுபடி அளக்க வந்தபோது நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். பெட்டிக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரமும் மெஷினைத் தொட மனம் வரவில்லை. அறுபத்தொன்று வந்தது.

பதினேழில் நான்கு இடம்தான் முடிந்திருக்கிறது. மற்றதற்கு ஆள் இல்லையாம். முடிந்த நான்கு இடத்துக்கு ஈடாக முப்பது சட்டைக்கு மட்டும் பட்டன் வைத்தேன், மற்ற எண்பதுக்கும் வைக்கவில்லை. பிள்ளைகள் பின் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். ஏழாவது வீட்டுக்காரி நேற்று வந்து அவள் மகன் சட்டையை நீட்டி, "எல்லா எடமும் முடியற வரைக்கும் இதுலயும் பட்டன அறுத்துக் குடு" என்றாள்.

வாலுவைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷமா போங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்படியே எழுந்து வந்திருப்பேன். கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

"ஒண்ணும் இல்லையா டாக்டர், இல்ல உங்க மெஷினுக்கு ஒண்ணும் தெரியலையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காகிதத்தைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் ஓர் எண்ணை எழுதி, "இதுக்குக் கீழ எங்களுக்குத் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார்.

அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். வாலு பல்லையும் உறையில் போட்டிருக்கிறாள். அளந்து, எவ்வளவுக்குக் கீழே என்று அவளுக்குத் தனியாகப் பதில் எழுது.

உன் தங்கை